முதுமையில் வாய், சாப்பாடு, தசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் தொந்தரவுக்கு ஒரு மருத்துவர், எடை குறைவதற்கு இன்னொருவர், கால் தள்ளாடுவதற்கு மூன்றாமவர் என்று அலைகிற குடும்பங்களுக்கு, இந்த மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஓயாமல் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் 8ஆம் கேள்வியையும், சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறவர்கள் 15ஆம் கேள்வியையும் முதலில் படித்துவிடவும்.

1. பல்லுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? அப்பாவால நடக்க முடியலன்னு போனா, பல்லைப் பத்திக் கேக்கிறாங்களே?

மெல்ல முடியாதவர் பெரும்பாலும் சாப்பாட்டை நிறுத்துவதில்லை, மாற்றிக்கொள்கிறார். தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது இறைச்சி, கொட்டை வகைகள், முழுப் பயறு, பச்சைக் காய், கடினமான பழம். அந்த இடத்துக்கு வருவது கஞ்சி, ஊறவைத்த ரொட்டி, பிஸ்கட், தேநீர். வயிறு நிறைகிறது, தட்டும் காலியாகிறது. அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. உள்ளே போகும் புரதம் மட்டும் பாதியாகிவிடுகிறது.

தசை தினமும் கொஞ்சம் கரைந்து, தினமும் கொஞ்சம் கட்டப்படுவது. கட்டுவதற்கான பொருள் புரதம். அது குறைந்தால் கரைவது மிஞ்சும். கால் தளர்ந்தவர் நடப்பதைக் குறைப்பார், நடக்காதவருக்குப் பசி எடுக்காது, பசி இல்லாதவர் இன்னும் குறைவாகச் சாப்பிடுவார். போதாக்குறைக்கு நாக்கும் தாடைத் தசையும்கூடத் தசைதான், அவையும் சேர்ந்து இளைக்கின்றன. ஜப்பானின் காஷிவா நகரில் சுமார் 2,000 முதியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளியானது. வாயின் பல செயல்பாடுகள் ஒருசேரக் குன்றியவர்களுக்குத் தசை இழப்பு வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று அதில் தெரியவந்தது. வாய்தான் காரணம் என்று இதை வைத்து மட்டும் நிரூபிக்க முடியாது. ஆனால் வாயைப் பார்க்காமல் காலை மட்டும் பார்ப்பது அரைகுறை வைத்தியம்.

2. வயசானா உடம்பு இளைக்கிறது இயற்கைதானே? இதுக்கு ஒரு நோய்ப் பேர் வேணுமா?

ஓரளவு இளைப்பது இயற்கைதான். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. அளவைவிடப் பலம் இன்னும் வேகமாகப் போகிறது. எழுந்து நிற்பது, மாடி ஏறுவது போன்ற அன்றாட வேலைகளே கடினமாகும் அளவுக்குப் போனால் அதைச் சார்கோபீனியா என்கிறார்கள். இர்வின் ரோசன்பெர்க் 1989இல் முன்வைத்த பெயர் இது. அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலில் 2016இல் தனி எண்ணும் பெற்றது.

இந்த இழப்பு சீராக நடப்பதில்லை என்பதைக் குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சல், அறுவை சிகிச்சை, மருத்துவமனை வாசம் என்று ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு படி இறங்கும். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ தசைத்திசு போயிருந்தது. படுக்கை விட்டு எழுந்த முதல் சில வாரங்களில்தான் சாப்பாட்டிலும் பயிற்சியிலும் அதிகக் கவனம் தேவை. பல வீடுகளில் அப்போதுதான் ‘ரெஸ்ட் எடுக்கட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

3. டெஸ்ட் எதுவும் எடுக்காம வீட்டுலயே கண்டுபிடிக்க முடியுமா?

சந்தேகப்படும் அளவுக்கு முடியும். கைப்பிடி இல்லாத சாதாரண உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த வரையறைப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் குழுவின் எல்லை 15 விநாடி. கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை என்றால் விநாடி எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது கெண்டைக்கால். உட்கார்ந்து, பாதம் தரையில் பதிந்திருக்கும்போது, மிகத் தடித்த இடத்தில் அழுத்தாமல் டேப்பைச் சுற்றுங்கள். ஆசிய அளவுகோலில் ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும், பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் சந்தேகம். கால் வீக்கம் உள்ளவர்களிடம் இந்த அளவு ஏமாற்றிவிடும்.

எடையை மாதம் ஒரு முறை, காலையில், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதம் குறைவது எச்சரிக்கை. 60 கிலோ இருந்தவர் 57க்கு வந்துவிட்டார் என்றால் ‘கொஞ்சம் இளைச்சிருக்காங்க’ என்று விடக் கூடாது. இவற்றில் எது தவறினாலும் மருத்துவரிடம் கைப்பிடிப் பலம் (ஒரு கருவியைக் கையால் இறுக்கிப் பிடிக்கும் பலம்) பார்க்கச் சொல்லுங்கள். அதன் ஆசிய எல்லை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. தசையின் அளவை உறுதிசெய்ய டெக்சா ஸ்கேன் போன்றவை உண்டு.

4. பல் வலி ஒண்ணும் இல்லையே. அப்புறம் வாய்ல என்ன கோளாறு இருக்கப் போகுது?

வலி இல்லாததை வைத்து வாய் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. நாள்பட்ட ஈறு நோய் பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது, பல் ஆடும்போதுதான் தெரியவரும். ஜப்பானிய மருத்துவச் சங்கங்கள் 2024இல் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தந்தன. சொந்தப் பல் இருபதுக்கும் குறைவா, மெல்லக் கஷ்டமாக இருக்கிறதா, தேநீரோ சூப்போ குடிக்கும்போது புரையேறுகிறதா, வாய் அடிக்கடி வறள்கிறதா, பேச்சு முன்போலத் தெளிவாக இல்லையா? இரண்டுக்கு ‘ஆமாம்’ வந்தாலே வாய் தளர்கிறது என்று பொருள். இருபது பல் என்ற கணக்குப் பழையது. எண்பது வயதில் இருபது பல் என்ற இயக்கம் ஜப்பானில் 1989இல் தொடங்கியது. அத்தனை பல் இருந்தால் அநேகமாக எல்லாவற்றையும் மென்றுவிடலாம்.

நாக்கின் வேகத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ‘டா டா டா’ என்று முடிந்தவரை வேகமாக ஐந்து விநாடி சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு ‘டா’வுக்கும் நீங்கள் காகிதத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போய், பிறகு எண்ணுங்கள். விநாடிக்கு ஆறு, அதாவது மொத்தம் முப்பது புள்ளிகளுக்குக் குறைந்தால் நாக்கு மந்தம்.

சாப்பாட்டு நேரத்தையும் கவனியுங்கள். அரை மணிக்கு மேல் இழுக்கிறதா, எல்லாவற்றையும் நனைத்தே சாப்பிடுகிறாரா, மென்ற சக்கையைத் தட்டோரம் துப்பி வைக்கிறாரா, ஒரே பக்கமாக மெல்லுகிறாரா என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

5. எங்க பாட்டி ஈறாலேயே எல்லாம் சாப்பிடுறாங்க. பல் செட் கட்டியே ஆகணுமா?

ஈறு நசுக்கும், அரைக்காது. ஈறால் ‘எல்லாம்’ சாப்பிடுகிறவர்கள் உண்மையில் மெல்லாமல் விழுங்குகிறார்கள், இல்லையென்றால் அந்த ‘எல்லாம்’ மெல்லச் சுருங்கிப்போயிருக்கும். நேற்று என்னென்ன சாப்பிட்டார் என்று எழுதிப் பாருங்கள்.

ஓரளவு நடமாட்டத்தோடு இருப்பவருக்குப் பல் செட் நல்லது, தள்ளிப்போடாமல் கட்டுவது இன்னும் நல்லது. பல் போன இடத்தில் தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும். கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது. கீழ் செட் எப்போதும் ஆடுவதற்குக் காரணம் இதுதான். ஆண்டுகள் கழித்துப் போனால் செட் உட்காரத் திட்டே இருக்காது. வசதியும் உடல்நிலையும் இடம்கொடுத்தால் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து அதன்மேல் செட்டைப் பொருத்தலாம். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதுதான் முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று 2002இலேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். முற்றிய மறதிநோய் உள்ளவர், எதையும் வாயில் வைக்க விடாதவர் ஆகியோருக்குப் புதிதாகக் கட்டுவதில் பயனில்லை.

6. இவ்ளோ செலவு பண்ணிக் கட்டினோம், செட் டப்பாவிலேயே கிடக்கு. என்ன பண்றது?

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்ய வேண்டும். முழு செட்டின் கடிக்கும் விசை சொந்தப் பல்லின் கால் பங்கு அளவுதான், சிலருக்கு அதுவும் இருக்காது. பழக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முதல் சில நாள் மென்மையான உணவு. பிறகு சின்னத் துண்டுகளாக வெட்டி, வாயின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வைத்து மெல்ல வேண்டும். ஒரு பக்கமாக மென்றால் மறுபக்கம் தூக்கும். முன்பல்லால் கடித்து இழுத்தால் பின்பக்கம் கழன்றுவிடும்.

புண் வந்தால் கழற்றி வைக்கலாம். ஆனால் மருத்துவரிடம் போவதற்கு முந்தைய நாளிலிருந்தே மறுபடி போட்டுக்கொண்டு போங்கள். புண் ஆறிய வாயைக் காட்டினால் எங்கே உராய்கிறது என்று அவருக்குத் தெரியாது. உப்புத்தாள், அரம் எதையும் வீட்டில் கையில் எடுக்காதீர்கள். ஒரு இடத்தைத் தேய்த்தால் மொத்தச் செட்டும் ஆடும்.

முதலில் நன்றாக இருந்து, பிறகு தளர்ந்துவிட்டால் எடை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். தாடை மாறியிருந்தால் உள்புறம் புதுப் பூச்சு கொடுத்துச் சரிசெய்வார்கள். ஒட்டும் பசை என்றால் உலர்ந்த செட்டில் மூன்று நான்கு சிறு பொட்டுகள் போதும். துத்தநாகம் இல்லாத பசையாகப் பார்த்து வாங்குங்கள். துத்தநாகப் பசையை அளவில்லாமல் பூசிக்கொண்டவர்களுக்குத் தாமிரச்சத்து குறைந்து, கைகால் மரத்து, நரம்பே கெட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ட்யூப் சீக்கிரம் தீர்கிறது என்றால் செட் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

7. செட் நல்லா பொருந்திடுச்சு. இனி உடம்பு தானாத் தேறிடும்ல?

தேறாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பல் வந்ததும் மெல்லும் திறன் கூடுகிறது, சாப்பாட்டுப் பழக்கம் கூடவே மாறுவதில்லை. இரண்டு ஆண்டு கஞ்சியில் ஓட்டியவர், பல் வந்த பிறகும் கஞ்சியையே கேட்கிறார். சமைக்கிறவருக்கும் அதுவே கைப்பழக்கமாகிவிடுகிறது. செட் மட்டும் கட்டிக்கொண்டவர்களைவிட, செட்டோடு எளிய உணவு ஆலோசனையும் பெற்றவர்களின் சாப்பாடுதான் உருப்படியாக மாறியது என்று ஆய்வுகளும் காட்டுகின்றன.

அதனால் செட் வலிக்காமல் உட்கார்ந்த நாளிலிருந்து, விட்டுப்போன உணவுகளை வாரத்துக்கு ஒன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். முதல் வாரம் முட்டையும் மீனும், அடுத்து வேகவைத்த முழுப் பயறு, பிறகு கொத்திய இறைச்சி, அப்புறம் சிறு துண்டு இறைச்சி, கடைசியாகப் பச்சைக் காய். ஒன்று முடியவில்லை என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடலாம், பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம்.

8. ஒரு நாளைக்கு எவ்ளோ புரதம் வேணும்? அதிகமாச் சாப்பிட்டா கிட்னி போயிடும்னு சொல்றாங்களே?

பெரியவர்களுக்கான பொதுக் கணக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். முதியவர்களுக்கு அது போதாது என்று ஒரு பன்னாட்டு நிபுணர் குழு 2013இல் சொன்னது. ஆரோக்கியமாக இருந்தால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், நோயோடு இருந்தால் 1.2 முதல் 1.5 கிராம். 60 கிலோ எடைக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம். வயதான தசை கொஞ்சம் புரதத்துக்கு அசைந்துகொடுக்காது, வேளைக்கு 25 முதல் 30 கிராம் வந்தால்தான் கட்டும் வேலையை ஒழுங்காகத் தொடங்கும். பெரும்பாலோர் கோட்டை விடுவது காலைச் சாப்பாட்டில்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்த அளவால் அது கெட்டதாக ஆதாரம் இல்லை. ஏற்கெனவே வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் eGFR என்று இருக்கும்) 30க்குக் கீழே போய், டயாலிசிஸ் தொடங்காதவர்கள் மட்டும் புரதத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதைச் சிறுநீரக மருத்துவர் சொல்லட்டும். டயாலிசிஸ் தொடங்கியவருக்கு நேர்மாறாகக் கூடுதல் புரதம் வேண்டும். பழைய பத்தியத்தையே தொடர்ந்து இளைத்துப்போகிறவர்கள் நிறைய.

9. மெல்லவே முடியாதவங்களுக்கு 60 கிராம் எப்படிப் போகும்?

மெல்லாமலேயே போகும். இரண்டு முட்டையைக் குழைவாக வேகவைத்தால் 12 கிராம். 200 மி.லி. பாலில் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல், அதே பாலில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கலக்கினால் கூடுதலாக 5 கிராம். முள் நீக்கி வேகவைத்த மீன் 75 கிராமில் சுமார் 16, கெட்டியாக மசித்த பருப்பு 150 கிராமில் சுமார் 12, தயிர் 150 கிராமில் 5. இதுவே 56ஐத் தாண்டிவிட்டது. இரவில் இன்னொரு டம்ளர் பால் கொடுத்தால் கணக்கு முடிந்தது. மீனும் முட்டையும் சேர்க்காதவர்கள் பருப்பு, பால், தயிர், சோயாவை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும்.

பல வீடுகளில் நடக்கும் தப்பு மிக்ஸியில். அரைபடவில்லை என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகிறார்கள். ஒரு கிண்ணம் உணவு இரண்டு கிண்ணமாகும், பெரியவர் ஒரு கிண்ணத்தோடு போதும் என்பார், பாதிச் சத்து சமையலறையிலேயே தங்கிவிடும். தண்ணீருக்குப் பதில் பால், தயிர், பருப்பு மசியல் ஊற்றி அரையுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ சேருங்கள். மொத்த ஆற்றல் குறைந்தால் உடம்பு புரதத்தையே எரித்துவிடும்.

இறைச்சியை நாரின் குறுக்கே வெட்டி, தயிரில் ஊறவைத்து, நீரோடு மெதுவாக நெடுநேரம் வேகவைத்தால் மசியும். வறுத்தால் இறுகும். காய்களைத் தோலும் விதையும் நீக்கி வேகவையுங்கள். அரைத்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அரைத்துத் தட்டில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அடித்த பழுப்பு நிறக் கலவையை நீங்கள் சாப்பிடுவீர்களா?

10. புரதப் பவுடர் வாங்கிக் கொடுத்துட்டாப் போதாதா?

சாப்பாட்டால் எட்ட முடியாத மிச்சத்துக்குப் பவுடர் உதவும். லேபிளில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். 20க்கும் கீழே இருந்தால் அது பெரும்பாலும் இனிப்புப் பானம்தான். இரண்டு வேளைக்கு நடுவில் கொடுங்கள், சாப்பாட்டுக்கு முன் கொடுத்தால் சாப்பாடு உள்ளே போகாது.

11. இந்த வயசுல உடற்பயிற்சியா? விழுந்து கிழுந்து வெச்சா?

பயிற்சி செய்யாமல் தளர்ந்துபோனவர்தான் அதிகம் விழுகிறார். பாஸ்டனில் முதியோர் இல்லவாசிகள் பத்துப் பேருக்கு, சராசரி வயது 90, எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியதாக 1990இல் எழுதினார்கள். 1994இல் அதே குழு 100 பேரிடம் பத்து வாரம் செய்து பார்த்ததில், பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் 113 சதவீதம் கூடியது. ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குக் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. பத்தாவது கேள்விக்கான மீதிப் பதிலும் இதுதான்.

வாரம் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 8 முதல் 12 முறை, கொஞ்சம் இளைப்பாறி மறுபடி ஒரு சுற்று. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குவது அதே கணக்கு. ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி இரு கையாலும் இழுப்பது. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாக முடிந்தால் அது பயிற்சியே இல்லை. மூச்சை அடக்கக் கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லதுதான், தொடைத் தசையை வளர்க்க அது மட்டும் போதாது.

12. வாய்க்கும் பயிற்சி இருக்காமே?

இருக்கிறது. நாக்கின் முன்பாதியை மேலண்ணத்தில் முழுப் பலத்தோடு அழுத்தி ஐந்து விநாடி வைத்து விட வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று சுற்று. மேலண்ணத்தில் நாக்கு தரும் அழுத்தம் 30 கிலோபாஸ்கலுக்குக் குறைந்தால் தளர்ச்சி என்பது ஜப்பானிய வரையறை. பயிற்சியில் அது கூடுகிறது. கூடவே ‘பா, டா, கா’ என்ற மூன்று ஒலிகளை வேகமாகச் சொல்வது. ‘பா’ உதட்டுக்கு, ‘டா’ நாக்கு நுனிக்கு, ‘கா’ நாக்கின் பின்பகுதிக்கு. சாப்பிட உட்காரும் முன் செய்தால் உமிழ்நீரும் சுரக்கும்.

13. வாய் வறண்டே கிடக்கு. வயசானா அப்படித்தானா?

வயதைவிட மாத்திரைதான் பெரும்பாலும் காரணம். மனச்சோர்வு மாத்திரை, சளி ஒவ்வாமை மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, அடிக்கடி சிறுநீர் வருவதற்கான மாத்திரை, வீரியமான வலிநிவாரணி எல்லாமே வாயை உலர்த்தும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். முழுப் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டி, எதை மாற்றலாம் என்று கேளுங்கள்.

உமிழ்நீர் குறைந்தால் உணவு உருண்டையாகத் திரளாது, செட் ஒட்டாது, ஈறு இறங்கிய இடத்தில் பல்லின் வேர் சீக்கிரம் சொத்தையாகும். சாதாரணப் பற்பசையில் 1,000 முதல் 1,500 பிபிஎம் ஃபுளோரைடு இருக்க வேண்டும். சொத்தை விழுந்துகொண்டே இருந்தால் 5,000 பிபிஎம் பற்பசையைப் பல் மருத்துவர் எழுதித் தருவார். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். வறட்சிக்காக எலுமிச்சை மிட்டாயை அடக்கிக்கொள்வது கெட்ட பழக்கம், அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து வேரை அரிக்கும். பல் உள்ளவர்கள் சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம்.

14. நாக்கு எரியுது, எதுலயும் ருசியே இல்லைங்கிறாங்க. சாப்பாடு அப்படியே மிஞ்சுது.

செட்டைக் கழற்றி மேலண்ணத்தைப் பாருங்கள். செட் படும் இடம் முழுக்கச் சிவந்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். செட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்தால்தான் மருந்து பிடிக்கும் (கேள்வி 17). நாக்கு வழவழவென்று சிவந்திருந்தால் பி12, இரும்புச்சத்து பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது வழக்கம். வாய் வறட்சியும் ருசியைக் கெடுக்கும்.

15. சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுது. தண்ணியைக் கெட்டியாக்கிக் கொடுக்கலாமா?

நீங்களாகத் தொடங்காதீர்கள். இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சல் ஆகியவை உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதன் அடையாளங்கள். சிலருக்கு இருமலே வராமல் இறங்கும். விழுங்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. கெட்டியாக்கிய நீரைப் பலர் வெறுத்துக் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள், உடம்பில் நீர் வற்றும். நிமோனியாவைத் தடுக்கும் என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை.

நிபுணர் சொல்லியிருந்தால் அளவோடு செய்யுங்கள். உணவும் பானமும் எவ்வளவு கெட்டி என்பதற்குப் பன்னாட்டு முறையில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். கெட்டியாக்கிய பானத்தை 10 மி.லி. சிரிஞ்சில் நிரப்பி, அடியை விரலால் அடைத்து, பிறகு விரலை எடுத்து, 10 விநாடி கழித்துப் பாருங்கள். 1 முதல் 4 மி.லி. மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 மிஞ்சினால் நிலை 2, 8க்கு மேல் மிஞ்சினால் நிலை 3. கொத்திய உணவு (நிலை 5) என்றால் துண்டு 4 மி.மீ., சாதாரண முள்கரண்டியின் இரு பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி அவ்வளவுதான். மென்மையான துண்டு (நிலை 6) என்றால் 1.5 செ.மீ.க்கு மேல் கூடாது.

யாராக இருந்தாலும் நேராக உட்கார வைத்து, சின்னக் கரண்டியால், முந்தைய வாய் உள்ளே போனதைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். டிவியை அணைத்துவிடுங்கள்.

16. மாமனாருக்கு ட்யூப் வழியாத்தான் சாப்பாடு. வாய்ல ஒண்ணுமே போறதில்லையே, பல் எதுக்குத் தேய்க்கணும்?

மெல்லாத வாய் சீக்கிரம் அழுக்காகும், உமிழ்நீர் ஓட்டம் இல்லாததால் கிருமிகள் அப்படியே தங்கும். அந்த எச்சில் நுரையீரலுக்குள் கசிந்தால் நிமோனியா. ஜப்பானிய முதியோர் இல்லங்களில் ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் வாயைச் சுத்தம் செய்தவர்களுக்கு நிமோனியா குறைந்தது என்று 1999இல் வெளியான ஆய்வு சொன்னது. பல்லே இல்லாதவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது.

தலைப்பக்கத்தை உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்புங்கள். கன்னத்தின் கீழே துண்டு வையுங்கள். மென்மையான சிறு பிரஷ்ஷில் பற்பசையை லேசாகத் தடவினால் போதும், நுரை வந்தால் விழுங்கிவிடுவார். உதட்டுக்கு முதலில் ஈரம் கொடுங்கள், காய்ந்த உதடு இழுத்தால் கிழியும். ஈறோரம் சாய்வாகத் தேய்த்து, ஈரத்துணி சுற்றிய விரலால் நாக்கை உள்ளிருந்து வெளியே வழித்தெடுங்கள். கடிக்கிற பழக்கம் இருந்தால் விரலுக்குப் பதில் பஞ்சு வைத்த குச்சி. தண்ணீரை வாயில் ஊற்றவே கூடாது.

17. பல் செட்டை ராத்திரி கழட்டணுமா? பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?

கழற்ற வேண்டும். 85 வயதுக்கு மேற்பட்ட ஜப்பானியர்களிடம் நடந்த ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வாய்ப்பு சுமார் 2.3 மடங்கு என்று 2015இல் வெளியானது. பற்பசை செட்டைக் கீறும், கீறலில் பூஞ்சை குடியேறும். தொட்டியில் தண்ணீர் நிரப்பியோ துண்டு விரித்தோ, அதன்மேல் பிடித்துக்கொண்டு சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேயுங்கள், கை நழுவினாலும் உடையாது. இரவில் தண்ணீரில் போட்டு வையுங்கள், உலர்ந்தால் வளையும். கொதிநீரும் வளைத்துவிடும். கம்பியோ உலோகமோ உள்ள செட்டுக்கு பிளீச் ஆகாது.

18. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி போடுறாங்க. பல் பிடுங்கலாமா?

பல் மருத்துவரிடம் ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் சொல்லிவிட்டுத்தான். ஆறு மாத ஊசியான டெனோசுமாப், பிஸ்பாஸ்போனேட் வகை எலும்பு மருந்துகள் ஆகியவற்றில், பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலை அபூர்வமாக வரும். எலும்புத் தேய்மானத்துக்கான அளவில் ஆபத்து மிகக் குறைவு, புற்றுநோய்க்குத் தரும் அளவில் கூடுதல். மருந்து தொடங்கும் முன்பே பல் வேலையை முடித்துவிடுவது உத்தமம்.

பயந்துபோய் ஊசியைத் தள்ளிப்போடுவது இன்னொரு ஆபத்து. டெனோசுமாப் தவறினால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்பு நொறுங்கலாம். தேதியை இரு மருத்துவர்களும் பேசி முடிவுசெய்யட்டும்.

19. பார்க்கின்சன் மாத்திரையோட புரதம் சேரக் கூடாதுன்னாங்க. இங்க அதிகம் சாப்பிடச் சொல்றீங்க?

இரண்டும் சரி. லெவோடோபா மருந்தும் புரதத்தின் அமினோ அமிலங்களும் குடலில் ஒரே வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், போட்டியில் மருந்து பின்தங்கலாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணிக்கு மேல் கழித்தோ கொடுத்தால் பலருக்குப் போதும். மருந்தின் வேலை பகலில் ஏறி இறங்குகிறவர்களுக்கு மட்டும், புரதத்தின் பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளச் சொல்வார்கள். அப்போது வேளைக்கு 25 கிராம் என்ற கணக்கு (கேள்வி 8) தவறும், பரவாயில்லை. நாளின் மொத்த அளவைக் குறைக்காதீர்கள்.

20. அத்தை குண்டாத்தான் இருக்காங்க. அவங்களுக்குத் தசை இழப்பு வருமா?

வரும். கொழுப்புக்குள் தசை இளைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, நாற்காலிச் சோதனையில் தெரியும். சாப்பாட்டைக் குறைத்து மட்டும் எடை இறக்கினால் தசையும் சேர்ந்து போகும். எடை குறைய வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் புரதமும் 11ஆம் கேள்வியின் பயிற்சியும் கூடவே இருக்க வேண்டும்.

21. மறதிநோய் அம்மாவுக்கு. வாயைத் திறக்கவே மாட்டேங்கிறாங்க. ட்யூப் போட்டுடலாமா?

முதலில் வாய் வலிக்கிறதா என்று பாருங்கள். சொல்லத் தெரியாதவர் வாயை மூடிக்கொள்வதன் மூலம்தான் சொல்வார். உடைந்த பல்லின் கூர், செட்டுக்கு அடியில் புண், வெண்படலம், கன்னத்துக்குள் அடக்கி வைத்த பழைய உணவு ஆகியவற்றை டார்ச் அடித்துத் தேடுங்கள். மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவையும் பசியைக் கொல்லும். கரண்டியை அவர் கையில் கொடுத்து, உங்கள் கையை மேலே வைத்து வாய்க்குக் கொண்டுபோனால் சிலர் திறப்பார்கள். இனிப்பை மட்டும் ஏற்றுக்கொண்டால் தயிரிலும் முட்டைக் கஸ்டர்டிலும் கொஞ்சம் இனிப்புச் சேர்த்துக் கொடுப்பதில் தவறில்லை.

நோய் முற்றிய கட்டத்தில் ட்யூப் ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை. முதியோர் மருத்துவ அமைப்புகள் அப்போது பரிந்துரைப்பது, அவர் ஏற்கும் அளவுக்கு, ஏற்கும் நேரத்தில், கையால் ஊட்டுவதைத்தான். ஓரிரு வாரத்தில் சரியாகக்கூடிய ஒரு நோயால் சாப்பிடாமல் இருக்கிறார் என்றால் கணக்கு வேறு, தற்காலிகமாக ட்யூப் போடுவதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம்.